நாப்பது வீடு கேட்டால் போதுமா?

உப்புவெளிப் பக்கம் எத்தனை வீட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள் என்று கம்பஸ் புராஜெக்ட்டுக்குக் கணக்கெடுக்கப் போகிற தங்கச்சி ஒருத்தி, "அண்ணா, நாப்பது வீடு காணுமா?" என்று கேட்டாள்.

நாற்பதில் 24 வீடு "ஓம்" என்றால் 60 சதவீதம். ஆனால் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை, அதாவது ஊரின் உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 45 முதல் 75 வரை போகிறது, அதாவது பாதிக்குக் குறைவா முக்கால்வாசியா என்றே உறுதியாகச் சொல்ல ஏலாது. அந்த அகலத்தைப் பாதியாக்க இரண்டு மடங்கு வீடு போதாது, நான்கு மடங்கு, 160 வீடு வேணும். வெயிலில் அலைகிறவளுக்கு இது கசப்பான செய்திதான்.

இரண்டு பக்கமும் 5 புள்ளிக்குள் நிற்க வேண்டுமென்றால், விகிதம் எதுவென்றே தெரியாதபோது 0.5 என்று வைப்போம், மாதிரி அதிகம் கேட்பது அதுதான்: 1.96இன் (95 சதவீத நம்பிக்கைக்குரிய எண்) வர்க்கம் பெருக்கல் 0.25 (0.5 × 0.5), வகுத்தல் 0.05இன் வர்க்கம். 385 வரும். இது ஊருக்கும் சரி, முழு மாவட்டத்துக்கும் சரி. மொத்தமே 600 வீடு என்றால் மட்டும் திருத்தம் செய்து 235க்கு இறக்கலாம்.

அப்புறம், பத்து வீட்டில் ஒருத்தரும் "ஓம்" சொல்லாவிட்டால் வழக்கமான சூத்திரம் 0 முதல் 0 வரை என்று காட்டும், சுத்தப் பேய்க்கதை. வில்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1927இல் தந்த முறையில் மேல் எல்லை 28 சதவீதம் மட்டில் வரும். சின்ன மாதிரிக்கு நான் அதைத்தான் போடச் சொல்வேன்.

ஒன்று, தெரிந்த வீடுகளாகப் பார்த்துப் போனால் 385 என்ன, 3,000 கேட்டும் பிரயோசனமில்லை. எழுமாறாக, குலுக்கிப் போட்டு எடுப்பதுபோல, வீடுகளைத் தெரிவு செய்ய வேணும்.