உலர்படுகையில் முளைத்த தக்காளி

வடசென்னையில் உள்ள ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேதியியலராகச் சேர்ந்த முதல் மாதத்தில், கழிவுநீரிலிருந்து பிரித்த கசட்டைக் காயவைக்கும் உலர்படுகைகளில் தக்காளிச் செடிகள் தழைத்து நிற்பதைக் கண்டு, பணியாளர்களில் யாரோ பயிர் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். யாரும் வைத்திருக்கவில்லை. நகரத்து மக்கள் உண்ட தக்காளியின் விதை, அவர்கள் குடலைக் கடந்து, மைல் கணக்கில் குழாய்களில் பயணம் செய்து, கசட்டை நுண்ணுயிர்கள் செரிக்கும் காற்றில்லாத தொட்டியான செரிப்பானுக்குள்ளும் போய் வந்து, அந்தக் கருத்த சேற்றில் முளை விட்டிருந்தது. படுகைகளைக் கவனித்துவந்த மூத்த தொழிலாளி ஒருவர் செடிகளைக் காட்டி, "தக்காளி முளைச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் இது எரு இல்ல சார், வெறும் சேறுதான்" என்றார். கிராமத்துப் பேச்சு என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்காக இன்றும் எனக்குக் கூச்சம் உண்டு.

சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நீரைப் பற்றியே கேட்பார்கள். கொடுங்கையூரில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட மறுசுத்திகரிப்பு ஆலையிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் போவதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நீரிலிருந்து பிரித்தெடுத்த கசடு எங்கே போகிறது என்று கேட்பவர் அரிது. தொட்டிகளின் அடியில் படிவதையும், நுண்ணுயிர்கள் தின்று பெருகிச் சேர்வதையும் ஒன்றாக்கி, ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருபது முப்பது நாள் செரிக்க வைக்கிறோம். அதில் வரும் மீத்தேனை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். மீதியை மையவிலக்கு எந்திரத்தில் பிழிந்தால் "கேக்" என்று எங்கள் வழக்கில் சொல்லும் ஈரக் கட்டி கிடைக்கிறது. பிழிந்த பிறகும் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான். செரிப்பான் முழுவதும் கலக்கப்படும் தொட்டியாதலால், இன்று உள்ளே போனதில் ஒரு பகுதி நாளையே வெளியே வந்துவிடும். தக்காளி விதை தப்பும் வழி அதுதான். மனிதக் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை தப்பும் வழியும் அதுதான் என்பதை நான் பிறகுதான் பொருத்திப் பார்த்தேன்.

காய்ந்த கசட்டில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தழைச்சத்தும், ஒன்றிரண்டு பங்கு மணிச்சத்தும் இருக்கும். சாம்பல்சத்து மட்டும் அரைப் பங்குகூடத் தேறாது. அது நீரில் கரைந்து நீரோடேயே போய்விடுகிறது. இதை வயலுக்கு எருவாக இடலாம் என்று சொல்ல, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கொஞ்சம் கசட்டையும் எடுத்துக்கொண்டு, பொன்னேரிக்கு அருகில் நெல்லும் கத்தரியும் பயிரிடும் ஒரு பெரியவரிடம் போனேன். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப்போனதால், மண்ணில் கரிமப் பொருள் ஏறினால் நல்லது என்பதை அவர் எனக்கு முன்பே அறிந்திருந்தார். ஒரு பிடியை அள்ளி முகர்ந்தார். "வண்டல் மாதிரிதான் இருக்கு. ஆனா வண்டல்னா எந்த ஏரியிலிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். இது எங்கிருந்து வருது சார்?" என்று கேட்டார். "வீடுகளிலிருந்துதான், ஐயா" என்றேன். நான் அறிந்தவரை அது பொய்யில்லை. நான் அறிந்தது போதவில்லை.

சாக்கடை நீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்து மாடுகளுக்குப் போட்ட பழக்கம் வடசென்னைக்குப் புதியதில்லை. ஆகவே அருவருப்பு ஒரு தடையாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்த அளவுக்கு அது இருக்கவில்லை. தடை வேறு வழியாக வந்தது. கேக்குடன் தென்னை நார்க்கழிவைக் கலந்து நீளக் குவியலாகப் போட்டு மட்கவைத்தோம். கிருமிகள் சாக, அப்படிப்பட்ட குவியலை, உள்வெப்பம் 55 பாகைக்குக் குறையாமல் பதினைந்து நாள் வைத்து, அதற்குள் ஐந்து முறை புரட்டிப்போட வேண்டும் என்பது அமெரிக்காவில் 1993இல் வந்த விதி. நாங்களும் அதையே பின்பற்றினோம். ஐப்பசி மழை தொடங்கியதும் குவியல்கள் நனைந்து குளிர்ந்தன. நீண்ட வெப்பமானியைச் செருகினால் 40 பாகையைத் தாண்டவில்லை. இன்னும் இரண்டு வாரம் கூரைக்கடியில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இடம் போதவில்லை என்று ஒப்பந்தக்காரர் அதற்குள் நான்கு லோடுகளை வயலுக்கு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்துப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "கத்தரித் தோட்டத்துல தக்காளி முளைச்சிருக்கு சார், வந்து பாருங்க" என்றார். குரலில் சிரிப்பும் இருந்தது, சினமும் இருந்தது. பாத்தி முழுதும் செடிகள். களையெடுக்க வந்த பெண்கள் விஷயம் அறிந்து கால் வைக்க மறுத்துவிட்டிருந்தார்கள். அவர்கள் மறுத்தது முற்றிலும் சரி. அந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்க நானும் ஒப்பமாட்டேன். படுகையோரத்தில் அந்தத் தொழிலாளி சொன்னது அன்றுதான் எனக்குப் பாடமாயிற்று. முறையாக வெந்த குவியலில் தக்காளி விதை பிழைக்காது. விதை பிழைத்திருந்தால் மற்றவையும் பிழைத்திருக்கின்றன என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பருவத்துக் காயைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்தி, இழப்பை ஈடுசெய்ய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கிருமிகளை வெப்பம் கொல்லும். அகமதாபாத்தில் காய்ந்த கசட்டின் மேல் காமாக் கதிர் பாய்ச்சியும் கொல்கிறார்கள். ஆனால் கசட்டில் சேரும் நச்சு உலோகத்துக்கு இந்த வழிகள் எதுவும் உதவா. சொல்லப்போனால், மட்கும்போது கரிமப் பொருள் எரிந்து குறையக் குறைய, அதில் முன்பே இருந்த உலோகத்தின் செறிவு ஏறுகிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் மட்கு உரத்துக்குக் குரோமியத்தின் வரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம், காட்மியத்துக்கு 5, துத்தநாகத்துக்கு 1000. அடுத்த ஆண்டு எங்கள் மாதிரிகளில் குரோமியம் அந்த வரம்பைத் தாண்டத் தொடங்கியது. வீடுகளிலிருந்து அவ்வளவு குரோமியம் வராது. பெரியவரின் கேள்வி எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

குழாயைப் பின்தொடர்ந்து போனோம். பகலில் எடுத்த நீர் மாதிரிகள் எதையும் காட்டவில்லை. ஆனால் குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பு, ஓடிப்போன நீரில் இருந்த உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆளிறங்கு குழியிலும் மேலிருந்தே நீண்ட கம்பு விட்டு அதைச் சுரண்டி எடுத்தோம். (ஆள் இறங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னார். மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கியிருக்கக் கூடாது.) மூன்று வாரத்தில், முலாம் பூசும் சிறு பட்டறைகள் நிறைந்த ஒரு தெருவில் போய் நின்றோம். இரவில் தொட்டியைக் கழுவிச் சாக்கடையில் விடுவதைப் பட்டறைக்காரர்கள் மறுக்கவில்லை. தனியாகச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட அவர்களிடம் பணமுமில்லை, இடமுமில்லை. அறிவிப்பு கொடுக்கப்பட்டது, சிலர் நிறுத்தினார்கள், சிலர் வேறு தெருவுக்கு இடம் மாறினார்கள். இது முழுதாகத் தீர்ந்தது என்று என்னால் எழுத முடியாது.

அதுவரை வயலுக்கு அனுப்புவதை நிறுத்திவைக்கச் சொன்னதில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. கசடு தேங்கியது, குப்பைமேட்டுக்கு அனுப்பச் செலவாயிற்று. பெரியவரிடம் நானே போய்ச் சொன்னேன். ஏக்கருக்கு 2 டன் காய்ந்த உரம் போட்டால், வரம்புக்குள் இருந்தாலுமே ஆண்டுக்கு 100 கிராம் குரோமியம் நிலத்தில் இறங்கும் என்றும், இறங்கியது திரும்ப வெளியே வராது என்றும், காட்மியத்தைக் கீரை வகைகள் மற்ற பயிர்களைவிட மிகுதியாக இழுத்துக்கொள்ளும் என்றும் விளக்கினேன். அவர் விரல்விட்டுத் தம் பேரன் காலம் வரைக்கும் கணக்குப் போட்டார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், அழியாத ஃபுளூரின் வேதிப்பொருள்கள் பண்ணைகளில் சேர்ந்துவிட்டதைக் கண்டு, 2022இல் வயலில் கசடு இடுவதையே தடைசெய்தது. அந்தத் தடையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தழைச்சத்தைக் குப்பைமேட்டில் புதைப்பது எனக்கு ஒப்பாது. ஆனால் ஆய்வுத்தாள் இல்லாத லோடு வயலுக்குப் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

மீண்டும் அனுப்பத் தொடங்கியபோது, குவியல் போட்ட நாள், புரட்டிய நாள்கள், தொட்ட வெப்பம், உலோக அளவு ஆகியவற்றைத் தமிழில் எழுதிய சீட்டு ஒவ்வொரு லோடோடும் போயிற்று. பெரியவர் அவற்றை மோட்டார் கொட்டகையில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். தொழிலாளி சொன்னதையும் ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். இப்போது லோடு வந்து இறங்கியதும், அதிலிருந்து இரண்டு கூடை எடுத்து வரப்போரம் கொட்டித் தண்ணீர் தெளித்துப் பத்து நாள் விட்டுவைக்கிறார். தக்காளி முளைக்கவில்லை என்று கண்ட பிறகே மண்வெட்டியை எடுக்கிறார். சீட்டில் நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும்.