ஹீட்டரையே ஆள் என்று நினைத்த சென்சார்

கொடைக்கானலில் நாங்கள் வாடகைக்கு விடுவது ஆறே ஆறு அறைகள். காலையில் கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று கிளம்புகிறவர்கள் ரூம் ஹீட்டரை அணைக்கவே மாட்டார்கள். கேட்டால், "திரும்பி வரும்போது கதகதன்னு இருக்கட்டும்னுதான்" என்று ஒரு சிரிப்பு. 2000 வாட் ஹீட்டர் 4 மணி நேரம் வெற்று அறையில் ஓடினால் 8 யூனிட். அந்த 8 யூனிட்டில் ஒரு 9 வாட் பல்பு 37 நாள் இரவு பகலாக எரியும். வராந்தா விளக்குக்குச் சென்சார் போடச் சொன்னவர்களை அதனால்தான் நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் சாவி அட்டை வைத்துப் பார்த்தோம். அட்டையைச் செருகினால்தான் கரண்ட். இரண்டே நாளில் யாரோ ஒரு லைப்ரரி கார்டைச் செருகிவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டார்கள்.

பிறகுதான் வத்தலக்குண்டு எலக்ட்ரீசியன் தம்பி பி.ஐ.ஆர். சென்சார் கொண்டுவந்தான். உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, அதுவும் ஆள் அசைந்தால் மட்டும், பிடிக்கிற கண் அது. "கீழ எங்க ஊர்ல மே மாசம் சுவரும் ஆளும் கிட்டத்தட்ட ஒரே சூடு, குழம்பிப் போயிரும். இங்க சுவர் ஐஸ் மாதிரி இருக்கு, ஆள் பளிச்சுனு தெரிவாங்கக்கா" என்றான். சென்சாருக்குள் இருக்கிற சின்ன ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) ஹீட்டர் லோடைத் தாங்காது என்று, பெரிய லோடைத் தாங்குகிற காண்டாக்டர் என்ற சுவிட்சையும் தனியாக மாட்டினான். 20 நிமிடம் அசைவில்லையென்றால் ஹீட்டர் அணைந்துவிடும்.

முதல் நாள் ராத்திரியே ஒரு பெரியவர் நடுங்கிக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டினார். இரண்டு கம்பளிக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரிய, அசையாமல் தூங்கியிருக்கிறார். சென்சார் கணக்கில் அந்த அறையில் ஆளே இல்லை. சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "தூக்கத்துல கை ஆட்டணுமாம்மா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?

4ஆம் எண் அறையில் நேர்மாறு. ஆள் வெளியே போன பிறகும் ஹீட்டர் நாள் முழுக்க ஓடியது. போய் உட்கார்ந்து பார்த்தேன். ஹீட்டர் காற்றில் ஜன்னல் திரை சூடாகி ஆடுகிறது. சென்சாருக்கு அது நடமாடுகிற ஆள். திரை ஆடுவதால் ஹீட்டர் ஓட, ஹீட்டர் ஓடுவதால் திரை ஆட... அன்றைக்குச் சிரித்தேன். பில் வந்தபோது சிரிக்கவில்லை.

தம்பி மறுபடி மலையேறி வந்தான். திரை கண்ணில் படாத மூலைக்குச் சென்சாரை மாற்றினான். கதவு திறப்பதையும் மூடுவதையும் காட்டிக்கொடுக்க, கதவில் ஒரு காந்த சுவிட்ச். கதவு சாத்திய பிறகு ஒரு தடவை அசைவு தெரிந்தால் போதும், உள்ளே ஆள் உண்டு. கதவு மறுபடி திறக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தாலும் ஹீட்டர் ஓடும். கதவு திறந்து மூடி 20 நிமிடம் அசைவே இல்லையென்றால்தான் அணையும்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. விடிகாலையில் மனைவி தூங்க, கணவர் மட்டும் டீ குடிக்கக் கிளம்பினால்? அதனால் இரவு 9 மணியிலிருந்து காலை 9 வரை சென்சாருக்கு லீவு, டைமர் வைத்தாயிற்று. தம்பிக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.