பழைய ரோட்டின் நம்பர்

போன மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து அண்ணன் மகன் ஒரு கல்யாணத்துக்கு வந்தான். டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் கல்யாணம். டர்பனை நெருங்கிய பிறகு போன் பண்ணி, "சித்தப்பா, நான் எம்-1-ல இருக்கேன், எந்தப் பக்கம் திரும்பணும்?" என்றான். எம்-1 என்றால் அவனுக்கு ஜோகன்னஸ்பர்க் நகரத்தை வடக்கு தெற்காகக் கடக்கும் பெரிய ரோடு. எங்களுக்கோ அது சாட்ஸ்வொர்த் போகிற ரோடு. பையன் வெருலத்துக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறான்!

அவனைக் குறை சொல்ல முடியாது. இங்கே தென்னாப்பிரிக்காவில் 'எம்' (M) என்று தொடங்கும் ரோட்டு நம்பரை ஒவ்வொரு பெருநகரமும் தனக்கென்று வைத்துக்கொள்கிறது, ஒரு ஊரின் எம்-4-க்கும் இன்னொரு ஊரின் எம்-4-க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'என்' (N) என்று தொடங்கும் தேசிய ரோட்டு நம்பர் மட்டும்தான் நாடு முழுக்க ஒன்று: என்-1 கேப் டவுனில் இருந்து ஜிம்பாப்வே எல்லையில் இருக்கும் பெய்ட்பிரிட்ஜ் வரை, என்-3 டர்பனில் இருந்து ஜோகன்னஸ்பர்க் வரை. என்-12-க்கு அடுத்து என்-14, அதற்கடுத்து நேராக என்-17. நடுவில் உள்ள நம்பர்களைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். 'ஆர்' (R) என்று தொடங்கி இரண்டு இலக்கம் இருந்தால் மாகாண ரோடு, மூன்று இலக்கம் இருந்தால் அதைவிடச் சின்னது. பெரும்பாலும் அப்படித்தான்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த மூன்று இலக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம். ஃப்ரீவே கட்டும்போது என்-2 என்ற நம்பரைப் புது ரோடு எடுத்துக்கொண்டது, பக்கத்திலேயே ஓடும் பழைய ரோட்டுக்கு ஆர்-102 என்று கொடுத்தார்கள். என்-1-க்கு ஆர்-101, என்-3-க்கு ஆர்-103, என்-4-க்கு ஆர்-104. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே எந்த ரோட்டுக்கு மூத்தது என்று தெரிந்துவிடும்.

ஆர்-102 எங்கள் ரோடு. இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம், வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் என்று 1860 முதல் இந்தியாவில் இருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் ஊர்களாகப் பார்த்துத் தொட்டுக்கொண்டு போகும். கோயில், துணிக்கடை, மசாலாக் கடை எல்லாம் அதன் ஓரத்தில்தான். என்-2-வில் போனால் கரும்பும் டிரக்கும்தான் தெரியும். தாத்தா கடைசி வரை "மெயின் ரோடு" என்றுதான் சொன்னார், அவரைப் பொறுத்தவரை ஃப்ரீவே என்பது அவசரக்காரர்களுக்குப் போட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டர்பனில் தெருப் பெயர்களை மாற்றிய காலத்தில் எட்வின் ஸ்வேல்ஸ் என்று பெரியவர்கள் சொன்ன ரோடு சாலமன் மஹ்லாங்கு ஆனது. பழைய பெயரில் வழி கேட்டால் சின்னவர்கள் முழிக்கிறார்கள், புதுப் பெயரில் கேட்டால் பெரியவர்கள். "எம்-7" என்றால் இரண்டு பேருக்கும் புரிகிறது.

நம்பரும் நிலையானது இல்லைதான். இப்போது போர்ட் ஷெப்ஸ்டனில் கடலை விட்டு உள்ளே திரும்பி கோக்ஸ்டாட் போகிறது என்-2. அதைக் கடலோரமாகவே கொண்டுபோக, ஆழமான பள்ளத்தாக்குகளுக்கு மேல் ம்டென்டு, ம்சிகாபா பாலங்களைக் கட்டுகிறார்கள். அந்த வழி முடிந்து என்-2 கடலோரத்துக்குப் போய்விட்டால் கோக்ஸ்டாட் ரோட்டுக்கு என்ன நம்பர் வைப்பார்களோ, ஆர்-102 ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். என்-2 வடக்கே பிடி, என்-3 குறுக்கிடும் ஸ்பாகெட்டி ஜங்ஷனில் அந்தப் பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடாதே, எம்-27 போர்டு வந்ததும் இறங்கு என்றேன். இறங்கினான். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் இரண்டாவது வரிசை உட்காரும்போது வந்து சேர்ந்தான்.