பெரியப்பாவின் கணினியும் ஒரு பழைய புத்தகமும்

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்குப்பா, வந்து பார்த்துட்டுப் போ" என்று பெரியப்பா கூப்பிட்டார். தேவையில்லாத கோப்புகளை நீக்கி, நான்கு வருடப் புகைப்படங்களைப் பென்டிரைவில் நகலெடுத்து, கடவுச்சொற்களை அவர் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அரை நாள் வேலை. எனக்குப் பிடித்த வேலையும்கூட.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க தாத்தா பேரு ஏதோ புத்தகத்துல வந்திருக்குன்னு அப்பா சொல்வார். இதுல தேடினா கிடைக்குமா?"

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் இணையதளத்தில் தேடினோம். எதுவும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கொள்ளுத்தாத்தா பெயரில் ஒரு 'ணா', ஒரு 'லை' உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'ணா' ஒரே கூட்டெழுத்தாகவும், 'லை' யானைத் துதிக்கை போன்ற கொம்போடும் அச்சாயின. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அந்த இடத்தில் தடுமாறக்கூடும். (பழைய நூல்களில் முன்னோரைத் தேடுகிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.) சரி என்று பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டுத் தேடினோம்.

ஒரு நூலின் கடைசியில், அச்சிட உதவியவர்கள் பட்டியலில், ஒற்றை வரியாக இருந்தார்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். திரையில் அந்த வரியை விரலால் தடவியபடி, "இன்னும் பெருசு பண்ணுப்பா" என்றார். 200 சதவீதம் வரை பெரிதாக்கினேன். உடனே அத்தைக்குப் போன் போட்டு, அந்த ஒரு வரியை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.