தமிழ்க் கோப்பை ஒரே கட்டளையில் அச்செடுக்கலாம்

எங்கள் சனசமூக நிலையத்துப் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகளை வெறும் உரைக் கோப்புகளாகவே வைத்திருக்கிறோம். அச்செடுக்கப் பெரிய மென்பொருள் எதுவும் திறப்பதில்லை. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் 'பாப்ஸ்' (paps) என்ற சின்னக் கட்டளை கோப்பைப் பக்கங்களாக்கித் தரும். அதை அப்படியே 'எல்பி' (lp) என்ற அச்சுக் கட்டளைக்கு அனுப்பினால் சரி, பிரிண்டர் ஓடத் தொடங்கிவிடும்.

பலரும் சொல்லும் 'என்ஸ்கிரிப்ட்' (enscript) கட்டளை ஆங்கிலத்துக்கு நல்லது. ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யூனிக்கோடு அதற்குத் தெரியாது, தமிழ் குப்பையாக வரும். பாப்ஸ் எழுத்துகளை அடுக்கும் வேலையைப் பாங்கோ என்ற நிரல் நூலகத்திடம் விடுகிறது. அதனால் 'கொ' என்று எழுதினால் கொம்பும் அரவும் அந்தந்த இடத்தில் நிற்கும். எனக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. எழுத்து உடைந்த தாளைப் படிக்கப் பழகும் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. எழுத்துரு, அளவு, இரண்டு பத்தி எல்லாவற்றையும் கட்டளையோடேயே சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். முதலில் யூனிக்கோடுக்கு மாற்றுங்கோ, பிறகு அச்செடுங்கோ. மாற்ற உதவி தேவையென்றால் ஞாயிறு காலை நிலையத்துக்கு வாங்கோ, சேர்ந்தே செய்வோம்.