ஆடும் விளக்கும்

வரலாறு படிக்க ஆசை என்று யாராவது கேட்டால் தடித்த புத்தகத்தைக் காட்ட மாட்டேன். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் கொண்டுவரும் 'ஆவணம்' இதழில் ஒன்றைக் கையில் கொடுப்பேன். அலங்காரமே கிடையாது. ஊர், வட்டம், காலம், செய்தி, அப்புறம் கல்வெட்டு வரிகள். அவ்வளவுதான்.

முதல் பத்துப் பக்கம் கொட்டாவி வரும், பொய் சொல்லவில்லை. பிறகு பிடித்துக்கொள்ளும். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, எரிய 96 ஆடு கொடுப்பார்கள், சில இடங்களில் 90. இடையர் அவற்றை வாங்கிக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், மந்தையின் கணக்கு மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். வங்கி வைப்புத்தொகை மாதிரிதான். ராஜா எந்தப் போரில் ஜெயித்தார் என்பதைவிட எனக்கு இதுதான் சுவாரசியம்.

அறிவியலுக்கு கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்', பிள்ளைகளுக்கு 'துளிர்'. மணவை முஸ்தபா ஆசிரியராக இருந்த 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

கடை தேடி அலைய முடியாதவர்களுக்கு: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். இலவசம்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் திறக்காதீர்கள், தூக்கம் போய்விடும்.