லோக்கல்ஹோஸ்ட்டைக் கொஞ்சம் தூரத்தில் தள்ளி வையுங்கள்

ஒரு கடைக்கு ஸ்டாக் எடுக்கிற வெப் ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். கேமராவில் பார்கோடை ஸ்கேன் பண்ணினால் பொருள் விவரம் வர வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில், அதாவது லோக்கல்ஹோஸ்ட்டில் (மெஷின் தன்னையே குறிக்கும் முகவரி), எல்லாமே பறந்தது. அப்புறம் மற்ற கருவிகளும் சேரும்படி சர்வரை 0.0.0.0-வில் ஓடவிட்டு, அதே வைஃபையில் இருந்த போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியை அடித்தால் பக்கம் வருகிறது, கேமரா திறக்கவில்லை. அனுமதி கேட்கும் பெட்டிகூட வரவில்லை.

லோக்கல்ஹோஸ்ட், அதன் எண் வடிவமான 127.0.0.1 இரண்டுக்கும் பிரவுசர் தனிச் சலுகை தருகிறது. எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாவிட்டாலும் கேமரா, இருப்பிடம், சர்வீஸ் வொர்க்கர் (பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) எல்லாவற்றையும் திறந்துவிடும். வேறு முகவரி என்றால் எச்டிடிபிஎஸ் கட்டாயம். இல்லாவிட்டால் பிரவுசரின் நேவிகேட்டரில் கேமராவைத் திறக்க உதவும் மீடியாடிவைசஸ் என்பதே இருக்காது, கன்சோலில் அடித்துப் பார்த்தால் அன்டிஃபைன்ட் என்று வரும்.

இதைப் பார்க்கப் போனே தேவையில்லை. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயர் எந்த முகவரிக்கு என்று மெஷின் பார்க்கும் ஃபைல்) 127.0.0.1-க்கு 'கடை.டெஸ்ட்' மாதிரி ஒரு பெயர் கொடுத்து அந்தப் பெயரில் திறந்தால் போதும், சலுகை போய்விடும். டெஸ்ட் என்று முடியும் பெயர்கள் சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்டவை, யாரும் வாங்க முடியாது. சொந்த மெஷினில் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் உருவாக்கும் எம்கேசர்ட் கருவியை வைத்து அந்தப் பெயருக்குச் சான்றிதழ் போட்டதும் கேமரா வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் தாமதம். ஒரே மெஷினுக்குள் போய் வர ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகாது, அதனால் 40 பொருளை லூப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் கோடு எவ்வளவு மோசம் என்று கண்ணுக்கே தெரியாது. லினக்ஸில் நெட்வொர்க் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி கட்டளையால், மெஷின் தன்னோடு பேசும் லோ இன்டர்ஃபேஸில், செயற்கைத் தாமதம் தரும் நெட்எம் போட்டு 100 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தேன். போகும்போதும் வரும்போதும் அதே லோ வழியாகத்தான் என்பதால் போய் வரும் நேரத்தை அளக்கும் பிங் 200 மில்லிசெகண்ட் காட்டும். அந்தப் பட்டியல் பக்கம் 8 செகண்டுக்கு மேல் நின்றது! கடைக்காரர் கையில் போனை வைத்துக்கொண்டு அத்தனை நேரம் நிற்கவா? அன்றைக்கே ஒரே ரிக்வெஸ்ட்டாக மாற்றினேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: டேட்டாபேஸும் 127.0.0.1 வழியாக இணைந்திருந்தால் ஒவ்வொரு குவெரியும் இந்தத் தாமதத்தில் மாட்டும், ஆப்பைத் தப்பாகக் குறை சொல்லிவிடுவீர்கள். அதை லோ வழியாகப் போகாத யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் கட்டளையில் ஆட் இருந்த இடத்தில் டெல் போட்டு நெட்எம்மை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட் வரை எல்லாமே இழுக்கும்.